அடியில் ஓர் எழுத்து

ஜாடி வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத் தூக்கிக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். வளைவு, வாய், பளபளப்பு எல்லாம் அப்புறம். அடியில் யார் முத்திரை என்று தெரிந்தால்தான் அது அழகா இல்லையா என்றே அவர்களுக்குத் தெரியும்.

பதினாறு வருஷமாக எங்கள் பட்டறையில் ஒரே முத்திரைதான். என் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து, சுற்றி ஒரு வட்டம். சக்கரத்தில் உட்கார்ந்து முதுகு ஒடிய வனைவது நான். பளபளப்புக்குக் கிளேஸ் பூசுவதும், சூளையில் அடுக்குவதும், வருகிறவர்களிடம் பேசுவதும் அவர். பூசி மெழுகுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஜாடியையும் சொல்கிறேன், பேச்சையும் சொல்கிறேன். தொடங்கிய காலத்தில், "ரெண்டு பேரு எதுக்கு? ஒரு பேரா இருந்தாத்தான் மனசுல நிக்கும்" என்றார். மண் பிசையவே பொழுது போதாத நாட்கள் அவை. நானும் தலையாட்டினேன். அவர் மாஸ்டர் ஆனார், நான் மாஸ்டர் வீட்டம்மா ஆனேன்.

இத்தனைக்கும் அவருக்கு ஒரு டம்ளர்கூட ஒழுங்காக வனைய வராது. ஒருமுறை பட்டறைக்கு வனையக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் செய்து காட்டச் சொன்னபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வலி" என்றார். அந்த வலி இன்று வரை தீரவில்லை.

போன வருஷக் கடைசியில் ஒரு பெரிய கலைக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மாஸ்டரின் இருபது ஜாடிகள், எல்லாம் முழங்கால் உயரம். அந்த உயரத்துக்கு மண்ணை ஒரே மூச்சில் எழுப்ப என்னால் ஆகாது. அடிப்பாதியை வனைந்து, சற்று இறுகவிட்டு, மேல்பாதியை அதன்மேல் ஒட்ட வேண்டும்.

"செய்றேன். ஆனா அடியில என் எழுத்தும் இருக்கணும்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"இப்ப எதுக்கு இந்த வம்பு? வாங்குறவங்க குழம்பிடுவாங்க."

"குழம்பட்டும். இது என்ன எழுத்துன்னு கேட்டா, செஞ்சவ எழுத்துன்னு சொல்லுங்க. இல்லன்னா நீங்களே உக்காந்து வனைங்க. மணிக்கட்டுக்கு வேணா நான் ஒத்தடம் குடுக்கிறேன்."

மூன்றாம் நாள், "சரி, போட்டுக்கோ. கேட்டா சொல்லிடறேன்" என்றார்.

மரக்கரண்டியின் காம்பை அறுத்து என் எழுத்தை நானே செதுக்கினேன். முதல் தடவை, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். மண்ணில் அது இடம் வலமாக விழுந்தது. என் பெயரைப் போட்டு எனக்கு என்ன பழக்கம் இருக்கிறது? இரண்டாவது சரியாக வந்தது. அரைகுறையாகக் காய்ந்த முதல் ஜாடியைக் கவிழ்த்து, அவர் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்தை அழுத்தினேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கண்காட்சி திறந்த அன்று நானும் போனேன். ஒரு ஜாடியை மட்டும் அடி தெரியும்படி படுக்கவைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, விளக்கம் சொல்லும் பெண்ணிடம் கேட்டார்.

"இது என்ன, ரெண்டாவதா ஒரு எழுத்து?"

"அது மாஸ்டரோட மனைவி பேரு மேடம். அவங்க மேல உள்ள பிரியத்துல இருபதுலயும் பதிச்சிருக்காராம். அவரே சொன்னாரு. இவங்கதான் அவங்க."

அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க. எங்க வீட்டுக்காரரு என் பேரை வாசக் கதவுல கூடப் போட்டதில்ல."

"இத வனைஞ்சது நான்தாம்மா" என்றேன்.

"கூடமாட ஒத்தாசையும் பண்ணுவீங்களா? சந்தோஷம்" என்றார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், இதே மாதிரி எனக்கு ஒண்ணு வேணும். என் பேரையும் இப்படிப் போட்டுக் குடுக்கணும்."

"அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு."

"எப்பக் கிடைக்கும்?"

வனைந்து காய எத்தனை நாளாகும் என்று மாஸ்டருக்கு எங்கே தெரியும்? என்னைப் பார்த்தார். அம்மாளும் என்னைப் பார்த்தார்.

ஒரே வார்த்தையில் அவர் தலையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம். போட்டால் என் தலையிலும்தான் விழும். அவர் எழுத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

"ஒரு மாசம் ஆகும்" என்றேன். "உங்க பேரு என்னம்மா?"