மூன்று இஞ்சிக் கழுந்து

1

பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். கௌரவமான காரணம் எதுவும் கிடையாது.

வருகிற ஞாயிறு எங்கள் ரப்பர் தோட்டத்து முன்பள்ளிக்குக் கூரை போடும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பெற்றோர் சங்கம் கூடுகிறது. புவாட் பாஸ்* கேட்டிருக்கிறார். அவருக்குக் கிடைக்காது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

(* எங்கள் பக்கம் தச்சரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் புளத்கொகுபிட்டியக்காரர், முப்பது வயது இருக்கும்.)

2

முதல் தொடக்கம்: "ரப்பர் மரங்களுக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், அறுத்த பலாவின் மஞ்சள் வாசனை"

வேண்டாம். அன்றைக்குப் பனியே இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில்.

இரண்டாவது தொடக்கம்: "புவாட் நல்ல தச்சர்தான், ஆனால் அவசரக்காரர். அன்றும் அவர்"

இதை நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக வேறு வந்தது! திரும்ப வாசித்ததும் நான்கையும் கிழித்துப் போட்டேன். அவசரக்காரி நான்தான்.

சரி, நேராகவே சொல்கிறேன். விஜயகலா அக்கா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பராவில் இருக்கிறார். ரப்பர் பால் வெட்டப் போகிறார், இரண்டு பசு வளர்க்கிறார். போன மழையில் மண் சரிந்து அவருடைய மாட்டுக் கொட்டில் போய்விட்டது. புதுசை ஆணியே அடிக்காமல், மரத்துக்குள் மரத்தைச் செருகிக் கட்டலாம் என்று அவரை நச்சரித்தது நான். ஏ.எல். வகுப்பில் தொழில்நுட்பம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், போனில் மரவேலை வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்த நான். அக்கா நம்பினார். ஒரே ஒரு பலா மரத்தை வெட்ட அனுமதி வாங்கி, புவாட் பாஸை வேலைக்குப் பிடித்தார்.

3

தூணில் துளை. விட்டத்தின் நுனியில், அந்தத் துளைக்குள் போய் உட்காரும் மெலிந்த துண்டு. அதற்குப் பெயர் கழுந்து. எங்களுடையது மூன்று இஞ்சி, அதாவது மூன்று அங்குல நீளம். கழுந்து தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, முடியும் இடத்தில் இன்னொரு கோடு. எந்தப் பக்கத்தை முழுசாக அறுத்து எறிய வேண்டுமோ, அந்தப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

"கோடு நீ போடு நங்கி, வெட்டுறத நான் வெட்டுறேன்," என்றார் புவாட் பாஸ். நங்கி என்றால் தங்கச்சி. "ரெண்டு பேரும் ரெண்டு வேலயும் பாத்தா அடிபுடிதான்."

பக்கத்து லயத்து அழகமுத்து அண்ணன் தினமும் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார். "பொம்பளப்புள்ள கோடு போட்டு பாஸ் வெட்டுறாராம். மாடு சிரிக்கப் போவுது."

"சிரிச்சா பால் கூட வரும்ணே. நீங்களும் ஒரு போத்தல் வாங்கிக்குங்க."

வாய் மட்டும் எனக்குக் குறைவில்லை.

தூண் நிறுத்த 10.12 என்று சந்தியில் லொத்தர் சீட்டு விற்கிற சிங்கள அம்மா லித்தை, அவர்களுடைய பஞ்சாங்கத்தை, பார்த்து நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். பதினொரு கழுந்து கச்சிதமாக வந்துவிட்டது. பன்னிரண்டாவதைத் தொடும்போது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. கடைசிக் கோட்டுக்கு வெளியே போட வேண்டிய குறியை, முதல் கோட்டுக்கு வெளியே போட்டேன். அதாவது, கழுந்தின் மேலேயே.

புவாட் பாஸ் மரம் அறுக்கும் வாளைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு ஒரு கணம் நின்றார். "நல்லாப் பாத்தியா நங்கி?"

நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். "பதினொண்ணு சரியா வந்துச்சில்ல? வெட்டுங்க பாஸ்."

"நீ சொன்னாச் சரி."

(இந்த மூன்று வரியையும் மூன்று முறை அழித்தேன். அழித்தால் என் குற்றம் பாதியாகிவிடுகிறது. அதனால் திரும்பப் போட்டிருக்கிறேன்.)

துண்டு விழுந்த சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்.

"ஐயோ, கட்டையா போச்சே!" அக்கா ஓடி வந்தார். "வேற மரம் இல்லையே பாஸ்!"

"பாஸ் மாட்டுக்கு வாலு வெட்டிட்டாரு," என்றார் அழகமுத்து அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

துண்டு என் காலடியில் கிடந்தது, என் பென்சில் குறியோடு. குனிந்து எடுத்தேன். தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டேன்.

"அந்தத் துண்டு எங்க?" புவாட் பாஸ் மரத்தூளைக் காலால் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னை.

"என்ட கைப் பிழதான்," என்றார்.

4

விட்டத்தை இரும்புத் தகடு வைத்துப் பிடித்தோம். கொட்டில் நிற்கிறது, மாடுகள் சுகம். ஆனால் புவாட் பாஸுக்குத் தோட்டத்தில் 'மூணு இஞ்சி பாஸ்' என்று பெயராகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அவர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடுகின்றன. இப்போது யாருக்காவது கதவு செய்ய வேண்டுமென்றால் கரவனெல்லயிலிருந்து ஆள் வருகிறது. "புள்ள கோடெல்லாம் அச்சுமாதிரி போட்டுச்சு, அந்தாளுதான் கெடுத்தாரு," என்று சொல்லிக்கொண்டே அக்கா காலையில் எனக்கு ஒரு கோப்பை பால் தருகிறார். குடிக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால், 'பார்த்தியா, பொம்பளப்புள்ள கோடு' என்று அழகமுத்து அண்ணன் தொடங்குவார். அதற்குப் பிறகு என்னை ஒருத்தரும் ஒரு பலகைக்குப் பக்கத்திலும் விடமாட்டார்கள். இது காரணம். நியாயம் இல்லை.

புவாட் பாஸ் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? கதைப் பாத்திரமாகப் பார்த்தால் அவர் நம்பும்படியாகவே இல்லை. நல்ல மனுஷர் என்று எழுதிவிட்டால் என் வேலை சுலபம். துண்டு இல்லாமல் யார் நம்பப்போகிறார்கள் என்றுகூட நினைத்திருக்கலாம். துண்டை எரித்தவள் அவர் மனசுக்குள் புகுந்து எழுதக் கூடாது. விட்டுவிடுகிறேன்.

5

முடிவு ஒன்று: கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் வாயடைத்துப்போகிறார்கள்.

முடிவு இரண்டு: புவாட் பாஸ் வீட்டுக்குப் போகிறேன். அவர் மனைவி றஸ்மியா தேத்தண்ணி தருகிறார். நான் அழுகிறேன், அவர்

இரண்டிலும் நான் மிக அழகாகப் பேசுகிறேன். அதனால் இரண்டையும் நம்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நேற்று பஸ் தரிப்பிடத்தில் அவரைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வாரியா நங்கி?"

"வாரேன் பாஸ்."

"வா. வேல கெடச்சா கோடு போட ஆள் வேணும்."

கூப்பிட்டாரா, குத்தினாரா? இன்னும் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

6

இன்று வெள்ளி. நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த ஞாயிறு எப்போதோ போயிருக்கும். என்னைவிட உங்களுக்குத்தான் வசதி.

கரவனெல்லயிலிருந்து எங்கள் பக்கம் வரும் பஸ்ஸில் ஏறுங்கள். முன்பள்ளி வாசலில் இறங்கி, கூரை யார் போட்டது என்று யாரையாவது கேளுங்கள். புவாட் பாஸ் என்றால், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகலாம்.

வேறு பெயர் சொன்னால், தயவுசெய்து கொஞ்சம் மேலே ஏறி, எங்கள் லயத்து மூன்றாவது காம்பராவுக்குப் போய், இந்தத் தாள்களை விஜயகலா அக்கா கையில் கொடுத்துவிடுங்கள். அவர் நன்றாக வாசிப்பார்.