நாலாவது பூங்கா

ஊஞ்சல் பலகையைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தான் மடிப்பு. துடைத்த பிறகு கைக்குட்டையைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. கறுப்பாக, பிசுபிசுவென்று, எண்ணெயா எச்சிலா பறவை எச்சமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒரு கண்றாவி. அதை மறுபடி சட்டைப்பையில் வைக்க மனசு வராமல் குப்பைத் தொட்டியைத் தேடினான். தொட்டி இருக்கத்தான் செய்தது. கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு மனுஷர் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, பிள்ளைய உக்கார வைக்கலாமா, இல்ல இன்னொரு கைக்குட்டை இருக்கா?" என்றாள் கொழுந்தியாள்.

மடிப்பு என்பது ஹோட்டலில் அவனுக்கு வைத்த பெயர். மலையின் மேல்முனையில் இருக்கிற பெரிய ஹோட்டலில், அறைகளின் சுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் அவன். படுக்கை விரிப்பின் மூலை, துண்டின் விளிம்பு, ஏன், குப்பைப் பையின் வாய்கூட அவன் சொன்னபடிதான் மடிய வேண்டும். மூன்று மடிப்பு, மேலே ஒரு முடிச்சு, முடிச்சின் இரண்டு நுனியும் முயல் காது மாதிரி சமமாக நிற்க வேண்டும். குளியலறைத் தரையில் ஒற்றைத் தலைமுடி கிடந்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட ஆசாமியை இந்த ஊரின் விளையாட்டுப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்க விட்டிருந்தது விதி.

விதி என்றால் வேறு யாரும் இல்லை, அவன் மனைவிதான். வெளிநாட்டில் நர்ஸ் வேலை. வீடியோவில் மகளைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரே சுவர், ஒரே கட்டில், ஒரே கம்பளி. பார்த்துப் பார்த்துப் பொறுமை போய், "பிள்ளைய வளக்கறீங்களா, அலமாரியில வெச்சுப் பூட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கையோடு தங்கையையும் அனுப்பிவைத்தாள். தங்கை கீழே சமவெளியில் பி.டி. டீச்சர், விசில் கழுத்தில் இல்லாவிட்டாலும் குரலில் இருக்கும். பேச்சு இதுதான்: பிள்ளை விளையாட ஊரில் ஒரு நல்ல இடத்தைக் காட்டினால் பிள்ளை அப்பாவோடு இருக்கலாம். இல்லையென்றால் இன்றைக்கு மதியப் பஸ்ஸில் சித்தியோடு இறங்கிவிட வேண்டும், அம்மா திரும்பி வருகிறவரை.

பிள்ளைக்கு ஏழு வயசு. எல்லோருக்கும் அவள் கடுகு. அவள் இல்லாத வீட்டை மடிப்பு நினைத்துப் பார்த்தான். ராத்திரி அவனுடைய கம்பளியை உருவிக்கொள்ள ஆள் இருக்காது. காலையில் ஒரு காலுறையைக் காணோம் என்று வீட்டையே கவிழ்க்க ஆள் இருக்காது. மடித்தது மடித்தபடி இருக்கும். அதை நினைத்துத்தான் பயந்தான்.

"ஊர்ல நாலு பூங்கா இருக்காம்" என்று தெம்பாகச் சொல்லித்தான் காலையில் கிளம்பினான். சொன்னது கீழ் வீட்டுத் தையல்காரம்மா. பள்ளிவிட்டு வந்து அவன் வேலை முடிகிறவரை கடுகு அந்த அம்மாள் வீட்டில்தான் இருப்பாள். "மூணு எங்க இருக்குன்னு தெரியும், நாலாவது எங்கயோ கட்டினாங்க, எங்கன்னுதான் ஞாபகம் இல்ல" என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லியிருந்தாள். தலையைத் தூக்காதவளிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறோமே என்று அப்போதும் அவனுக்குத் தோன்றவில்லை.

முதல் பூங்காவின் சீசாவைக் கொழுந்தியாள் சுற்றி வந்து பார்த்தாள். மலைச்சரிவில் குறுக்காக நட வேண்டியதை மேலும் கீழுமாக நட்டிருந்தார்கள். மேட்டுப்பக்கத்துப் பலகை மண்ணில் முட்டிக்கொண்டு நின்றது. பள்ளத்துப் பக்கம் உட்காருகிற பிள்ளை அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான்.

"இத நட்டவருக்குக் குழந்தை குட்டி கிடையாதா மாமா?"

"கான்ட்ராக்டர்மா. அவர் பிள்ளைங்க வேற எங்கயாவது விளையாடும்."

சறுக்குமரம் வந்து முடிகிற இடத்தில் ஒரு குட்டை. குட்டையில் நுரை. பக்கத்தில் பிள்ளைகள் புகுந்து வர என்று போட்டிருந்த சிமெண்டுக் குழாயின் வாயருகே போனதும் மூவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஊரில் பொதுக் கழிப்பிடம் பூட்டிக் கிடக்கிற சங்கதி அந்தக் குழாய்க்குள் தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்த மடிப்புக்கு அருவருப்பில் முதுகுத்தண்டு கூசியது. தன் அறைகளில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பான். இங்கே யார் கழுத்தைப் பிடிப்பது?

"அப்பா, என் இடத்துக்குப் போலாமா?" என்றாள் கடுகு.

"இரும்மா, இன்னும் மூணு இருக்கு."

இரண்டாவது பூங்கா பஸ் நிலையத்துக்குப் பின்னால். சமதளம் என்றால் மலையூரில் தங்கம். அந்தத் தங்கத்தில் கார்களை நிறுத்தியிருந்தார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த ஊஞ்சல் சட்டம் நின்றது, ஊஞ்சல் இல்லை. சட்டத்தில் எந்த வாடகைக் கார் டிரைவரோ துவைத்துக் காயப்போட்ட பேண்ட் இரண்டு, காலை விரித்துக்கொண்டு ஆடின. இன்னொரு டிரைவர் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக் கொப்பளித்து, கடுகின் செருப்புக்குப் பக்கத்திலேயே துப்பினார்.

"பார்த்துத் துப்புங்கண்ணே, பிள்ளை நிக்குது."

"பிள்ளைய ஏன் சார் இங்க கூட்டிட்டு வரீங்க? வண்டி வந்து போற இடம்" என்றார் அவர், பெரிய உபகாரி மாதிரி.

"பேண்ட் ஆடுது, பிள்ளை நிக்குது. நல்ல ஊரு மாமா" என்றாள் கொழுந்தியாள். மடிப்பு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் காற்று உள்ளே போகும்.

மூன்றாவதைத் தூரத்தில் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. சிவப்பில் சறுக்குமரம், மஞ்சளில் ராட்டினம், சுற்றிலும் கம்பிவேலி. கிட்டே போனால் கேட்டில் பூட்டு. சறுக்குமரத்துக்கும் ராட்டினத்துக்கும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் அந்த உறை தானாகவே உரிந்து, தோல் நோய் வந்த மாதிரி தொங்கியது. உறைக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்கின தண்ணீரில் புழு நெளிந்தது.

"திறப்பு விழா ஆகல" என்றார் காவலாளி.

"எப்ப ஆகும்?"

"திறக்க வேண்டியவருக்கு நேரம் கிடைக்கும்போது."

"அதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிடும்" என்றாள் கொழுந்தியாள். பிறகு மாமனைத் திரும்பிப் பார்த்தாள். கேலி கொஞ்சம் இறங்கியிருந்தது. "மாமா, உங்கள நோகடிக்கணும்னு வரல. அக்கா அங்க தினம் அழுவுறா. இவளுக்கும் பாருங்க, கையில கட்டு. என்னடி ஆச்சு விரல்ல?"

"பேப்பர் கிழிச்சிடுச்சு சித்தி."

அந்தக் கட்டைப் போட்டவனே மடிப்புதான். ஹோட்டல் முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தான்.

"நாலாவது எங்க?" என்று கேட்டாள் கொழுந்தியாள். அவனுக்கு என்ன தெரியும்? காவலாளிக்கும் தெரியவில்லை, எதிர்க்கடைக்காரருக்கும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு கேட்டின் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, என் இடத்துக்குப் போலாம்னு" என்றாள் கடுகு. "அங்க சறுக்குமரம் இருக்கு. ஊஞ்சல் இருக்கு. எனக்குக் கடை கூட இருக்கு. தினம் பள்ளிக்கூடம் விட்டு அங்கதான் விளையாடுவேன்."

மடிப்புக்குக் காது குளிர்ந்தது. தினமும் விளையாடுகிறாள்! அலமாரியாம், பூட்டாம். "பாத்தியா? என் பொண்ணு என்னை விடக் கெட்டிக்காரி" என்று கொழுந்தியாளிடம் சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சும்மா நடக்கவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

கடுகு அவர்களைத் தையல்காரம்மா வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கிருந்து தடுப்புச்சுவரை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை கீழே இறங்கியது. பாதி வழியிலேயே நாற்றம் வந்தது. சாதாரண நாற்றம் இல்லை, குடலைப் புரட்டி வாய்க்குக் கொண்டுவருகிற நாற்றம். புளித்த சாப்பாடும் ஈரத்துணியும் நனைந்த பஞ்சும் வாசனைச் சோப்பும் சேர்ந்து அழுகினால் வருமே, அது. ஈக்கள் முகத்தில் வந்து மோதின. கொழுந்தியாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். கடுகு மட்டும் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

வளைவு திரும்பியதும் தெரிந்தது. மேல்ரோட்டின் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு குப்பைச் சரிவு. டிராக்டரில் கொண்டுவந்து மேலிருந்தே தள்ளிவிட்டால் உருண்டு வந்து இங்கே சேரும். கறுப்புப் பைகள், கிழிந்த பைகள், கிழியாத பைகள். மெத்தையிலிருந்து உரித்த உறையைப் போட்டு அதன்மேல் இரண்டு பிள்ளைகள் மேலிருந்து சர்ரென்று சறுக்கி வந்தார்கள். ஒருவன் காலில் வெள்ளைச் செருப்பு, பெரியவர்கள் அளவு, குளித்துவிட்டுப் போட்டு மறுநாள் எறிகிற ரகம்.

"வாங்கப்பா, இதான் என் கடை." குப்பைக்கு நடுவில் ஒரு தட்டையான கல். அதன்மேல் குட்டிக் குட்டி ஷாம்பூ பாட்டில்கள் உயரப்படி அடுக்கியிருந்தன. சோப்புத் துண்டுகள், சீப்புகள், யாரோ வாயில் வைத்த பல்துலக்கிகள். ஓரத்தில் வரிசையாகச் சவர பிளேடுகள். அந்த வரிசை ஒன்று போல் நேராக இருந்தது. அப்பன் கை.

செருப்பின் மேலிருந்த பூ முத்திரையைக் கொழுந்தியாள் பார்த்தாள். பிறகு அவன் போட்டிருந்த ஹோட்டல் சட்டையின் பையில் தைத்திருந்த அதே பூவைப் பார்த்தாள்.

"உங்க ஹோட்டல் குப்பையா மாமா?"

"எல்லா ஹோட்டலுக்கும் இதே மாதிரிதான்மா வருது. இது யாரோட குப்பைன்னு எப்படிச் சொல்றது?" என்றான் மடிப்பு. முழுப் பூசணிக்காய்.

"இல்ல சித்தி, இது அப்பாவோடதுதான்" என்று கடுகு ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, மூணு மடிப்பு. முயல் காது. மத்த ஹோட்டல் பையெல்லாம் சும்மா சுருட்டிக் கட்டியிருக்கும், உள்ள ஒண்ணுமே இருக்காது. அப்பா பையிலதான் நல்ல சாமான் இருக்கும். நான் இவங்ககிட்ட சொல்லியிருக்கேன், எங்கப்பாதான் நமக்கெல்லாம் அனுப்பறாருன்னு."

சறுக்கி வந்த இரண்டு பிள்ளைகளும் எழுந்து மடிப்பை மரியாதையோடு பார்த்தார்கள்.

எத்தனை பைகளை அவன் கட்டியிருப்பான், கட்ட வைத்திருப்பான். வாயைக் கட்டியதோடு அவன் உலகத்தில் அழுக்கு தீர்ந்துபோகும். டிராக்டர்காரர் எங்கே கொண்டுபோகிறார் என்று ஒரு நாள் கேட்டதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவன் முதுகைத் திருப்பிக் காட்டவும் ஏழு வயசுப் பிள்ளை வேண்டியிருந்தது.

கடுகின் கையைப் பிடித்து, விரலிலிருந்த கட்டை உரித்தான். மெல்லிய, ஆழமான, நேர்க்கோடு. "பேப்பரா?"

அவள் தலை குனிந்தாள். "கடைச் சாமான் அடுக்கும்போது, பிளேடு. சொன்னா வர விடமாட்டீங்கன்னுதான்."

அதற்குள் கொழுந்தியாள் ஊஞ்சல் பக்கம் போயிருந்தாள். குளியல் அங்கியின் பெல்ட்டுகளை முடிந்து, குப்பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினாள். அடியில் பச்சைப் பெயிண்ட், காலையில் பார்த்த ஊஞ்சல் சட்டத்தின் அதே பச்சை. கொஞ்சம் தள்ளிக் குவியலிலிருந்து ஒரு ஏணியின் மேற்படிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. ஒரு முழுச் சறுக்குமரம் உள்ளே புதைந்து கிடந்தது.

"நாலாவது கிடைச்சிடுச்சு மாமா" என்றாள். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தேவலை.

மடிப்பு ஒதுங்கிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். முன்பின் தெரியாதவர்களின் வாந்தியைக் கண் இமைக்காமல் துடைத்தவன். காலையில் குடித்ததெல்லாம் வெளியே வந்தும் நிற்கவில்லை. நிமிர்ந்தபோது கடுகு பக்கத்தில் நின்றாள். கையில் யாரோ பாதி குடித்து எறிந்த குட்டித் தண்ணீர் பாட்டில்.

"குடிங்கப்பா. என் கடையில இருந்து எடுத்தேன். நான் தினம் குடிப்பேன், நல்லாத்தான் இருக்கும்."

அதை அவள் கையிலிருந்து தட்டிவிட்டான். பாட்டில் உருண்டு போய்க் குப்பையோடு சேர்ந்தது. கடுகின் உதடு பிதுங்கியது. என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் தப்பு எதுவும் செய்யவும் இல்லை.

"கூட்டிட்டுப் போம்மா" என்றான் கொழுந்தியாளிடம். "நான் காட்டறதுக்கு வேற இடம் இல்ல."

வீட்டுக்குப் போய் மகளின் கைகளை வெந்நீரில் கழுவினான், மறுபடி கழுவினான், அவள் வலிக்குது என்று இழுத்துக்கொள்கிறவரை கழுவினான். துணிகளைப் பையில் வைத்தான். பழக்கத்தில் கை மடிக்கப் போனது. பிடித்து நிறுத்தி, அப்படியே திணித்து ஜிப்பை இழுத்தான்.

பஸ் நிலையத்தில் டிரைவர் பேண்ட்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. கடுகு ஜன்னலோரம் உட்கார்ந்து அழுது முடித்திருந்தாள். சித்தி அவளை மடியோடு அணைத்துக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கறேன் மாமா, லீவுக்கு வாங்க" என்றாள். அவன் தலையாட்டினான். பஸ் உறுமியது. கடுகு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அவனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அப்பா, நான் போயிட்டேன்னு பை அனுப்பறத நிறுத்திடாதீங்க. அவங்களுக்கு விளையாட வேற எதுவும் இல்ல, பாவம்."

"சரிம்மா" என்றான் மடிப்பு.

பஸ் வளைவில் மறைந்தது. வாய் கசந்தது, கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது. ஓரத்திலிருந்த குழாயைத் திருகினான். தண்ணீர் வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.