சாட்சி கேட்டவள்

இறந்துகிடந்த அம்மா மிக்கேலம்மாளின் அக்குளில் கைகொடுத்து ஆக்சிலியா மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். கட்டிலிலிருந்து வாசல் பெஞ்சுக்குப் பத்தடிதான். முடியவில்லை.

பெரியநாயகம் சித்தப்பா சவப்பெட்டி எடுத்துவர தர்மபுரிக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்துவிடுவார். அதற்குள் மிக்கேலம்மாளைக் குளிப்பாட்டியாக வேண்டும். தெருவில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் பந்தலுக்குள் கால் வைக்கவில்லை.

பதினெட்டு வருடமாக அப்படித்தான். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளின் ஆண்குழந்தையை ஒரு சாயங்காலம் மிக்கேலம்மாள் தூக்கிக் கொஞ்சினாள். நாலாம் நாள் அது காய்ச்சலில் போய்விட்டது. சூனியக்காரி தொட்டுவிட்டாள் என்று யாரோ சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. அவள் தெருவில் நடந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை முந்தானையால் மூடிக்கொண்டார்கள்.

ஆக்சிலியா வரலாறு படித்ததே அதனால்தான். இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நானூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் நடந்ததை ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னாள். ஆலங்கட்டி மழையில் பயிர் போனாலும், பசுவுக்கு மடி வற்றினாலும், பிள்ளை செத்தாலும் ஊரில் ஒருத்தியைப் பிடித்தார்கள். வலி தாங்காமல் அவள் இன்னொருத்தியின் பெயரைச் சொல்லும்வரை வதைத்தார்கள். ஆயிரம் ஆயிரமாகக் கொன்றார்கள்.

கடலை உரித்துக்கொண்டே மிக்கேலம்மாள் கேட்டாள்: "அப்பறம் எப்புடிடி நின்னுச்சு?"

"ஒரே நாள்ல நிக்கலம்மா. சாட்சி எங்கன்னு நீதிபதிங்க கேக்க ஆரம்பிச்சாங்க. கொஞ்சங் கொஞ்சமா நின்னுச்சு."

"கேக்கறதுக்கு ஒரு ஆளு இருந்திருக்கு பாரு," என்றாள் அம்மா.

"தனியா தூக்காதீங்கக்கா, இடுப்பு புடிச்சிக்கும்" என்று கட்டிலருகே ஒரு குரல் கேட்டது.

ஆக்சிலியா நிமிர்ந்தாள். கோவிந்தம்மாளின் மகள் சுகுணா. அரூரில் நர்சாக இருக்கிறவள், பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கால்பக்கம் பிடித்தாள்.

பேத்தியைத் தோளில் போட்டபடி தெருவிலிருந்து கோவிந்தம்மாள் கத்தினாள்: "அடியே, கைப்புள்ளக்காரி! அந்த வூட்டுக்குள்ள ஏன்டி போன? வெளிய வாடி!"

"தம்பிக்கு வந்தது மூளைக்காய்ச்சல்ம்மா. ஆஸ்பத்திரி சீட்டு நம்ம பீரோவுலயே கெடக்குது. போன வாரந்தான் எடுத்துப் படிச்சேன். இவங்க தொட்டுத்தான் செத்தான்னா, அதுக்கு சாட்சி எங்க?"

சுகுணா குரலைத் தாழ்த்தினாள்.

"இவங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. நாளைக்கி போலாம், நாளைக்கி போலாம்னு..."

ஆக்சிலியா தலையை மட்டும் ஆட்டினாள். இருவருமாகத் தூக்கிக் கொண்டுபோய்ப் பெஞ்சில் கிடத்தினார்கள்.

பெஞ்சைச் சுற்றிப் பந்தல் கால்களில் சேலைகளைக் கட்டி மறைத்தாயிற்று. தெருப்பக்கம் மட்டும் கட்ட கால் இல்லை; சேலையின் ஒரு முனை தொங்கியது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோவிந்தம்மாள் குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். உள்ளே வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் அந்த முனையைப் பிடித்து இழுத்து நின்றாள்.

ஆக்சிலியா முதல் சொம்பை ஊற்றினாள். தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து, மண்ணில் ஓடி, கோவிந்தம்மாளின் பாதங்களை நனைத்தது. அவள் காலை நகர்த்தவில்லை.