ஒன்றரைப் பக்க மன்னிப்பு

முந்நூறு காதல் நாவல்கள் படித்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன், அந்தக் கதாநாயகர்களில் ஒருவனுக்கும் வளர்ப்பு சரியில்லை. கோபம் வந்தால் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். உனக்குக் கோபம் என்றால் உன் கையை உன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளேன், அவள் கை என்ன பாவம் செய்தது? பெரிய கம்பெனிக்கு முதலாளி என்கிறார்கள். ஒரு நாளாவது உட்கார்ந்து வேலை பார்த்தானா என்றால் இல்லை.

கதாநாயகிகள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மேகம் கறுத்திருக்கும்போது குடையில்லாமல் கிளம்புகிறார்கள். நான் படித்தவரை குடை வைத்திருந்தவள் ஒரே ஒருத்தி, அவளும் வில்லி. அவன் வேறொருத்தியின் தோளில் கைபோட்டு நிற்பதைப் பார்த்ததும் இவள் ஊரைவிட்டே ஓடுவாள். "இது யாரு?" என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் "என் தங்கச்சி" என்றிருப்பான், நூற்றுநாற்பது பக்கம் மிச்சமாகியிருக்கும்.

இவ்வளவு வாய் பேசுகிறவள் எதற்காகப் படிக்கிறாய் என்று கேட்டால், எல்லா நாவலிலும் வாசலைத் தாண்டும்போது அவன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிற பக்கம் ஒன்று வரும். அந்த இடத்தில் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ நழுவும். மானங்கெட்ட வயிறு.

எனக்கு வேலை திரைச்சீலை தைக்கும் கூடத்தில். தையலில் நேர்க்கோடு எனக்கு வராது என்று தெரிந்ததும், என்னைத் தைத்த சீலைகளைச் சரிபார்க்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிசிறு நூலை வெட்டி, கம்பியில் தொங்கவிட்டு, ஓரம் ஏறி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கைவேலை பார்ப்பார்கள். சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொருகிக் குண்டூசி விரலில் ஏறாமல் இருக்க யாராவது ஏதாவது பேச வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் நாவல் வாசிப்பேன். என் பெயரும் நாவலக்கா ஆகிப்போனது.

அந்த ஒரு மணி நேரம் கூடம் கூடமாக இருக்காது. கம்பிகளில் தொங்கும் சீலைகள் வழியாக வெயில் இளம்பச்சையும் ஆரஞ்சுமாக வந்து எல்லோர் முகத்திலும் விழும். இஸ்திரிப் பெட்டியின் ஆவி மெதுவாக மேலே போகும். ஜன்னல் காற்றில் ஒரு சீலை அசைந்தால், அதன் பின்னால் யாரோ உயரமாக ஒருவன் நின்றுவிட்டுப் போனதுபோல இருக்கும். எத்தனையோ நாள் நான் பக்கத்திலிருந்து கண்ணை எடுத்து அங்கே பார்த்திருக்கிறேன். வேறு சிலரும் பார்ப்பார்கள், ஒருவரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அந்தத் திங்கட்கிழமை நீல அட்டை போட்ட ஒரு நாவலின் கடைசி அத்தியாயம். கதாநாயகன் கப்பலில் என்ஜினியர். ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனவன் ஆறு வருடம் கழித்து, நனைந்த சட்டையோடு வந்து அவள் வீட்டு மணியை அடிக்கிறான். "என்னால் சொல்ல முடியவில்லை" என்கிறான். அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கத்தில் அவள் மன்னித்துவிடுகிறாள். காலையில் பஸ்ஸில் அதைப் படித்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் அந்த இடம் வந்ததும், என் வாய் என்னைக் கேட்காமல் திரும்பிவிட்டது. கண் பக்கத்தின்மேல் இருந்தது. வாய் வேறு எதையோ வாசித்தது. "அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு கதவை மூடினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்." புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

கூடமே கைதட்டியது. திரைச்சீலைகளுக்கு வளையம் கோக்கிற வளையக்காரி, "இதுதான்க்கா கதை!" என்று விசில் அடித்தாள். எங்கள் கூட்டத்தில் ஒரே ஆண்பிள்ளையான கட்டிங் மாஸ்டர்கூடக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார். சீலைகளுக்கு மடிப்பு எடுக்கிற மடிப்புக்காரி மட்டும் வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்தபடி, பிடித்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் போன் பண்ணியிருந்தாரு."

அவள் புருஷன் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் போனவன் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறான் என்ற தகவலே ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது.

"சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்டேஷன் டீக்கடைக்கு வரச் சொன்னாரு. போகலாம்னுதான்க்கா இருந்தேன். திங்கக்கிழமை கதையைக் கேட்டதும் மனசு தெளிஞ்சிடுச்சு. அவளும் மூடிட்டா, நானும் மூடிடறேன். அவளுக்கு ஒண்ணும் ஆகலையே."

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம்தான் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

"உனக்குப் போகணும்னு இருக்கா?"

"சொன்னா வெக்கமா இருக்குக்கா. அவர் விட்டுட்டுப் போன சட்டையைத்தான் தலகாணிக்கு உறையா தச்சுப் போட்டிருக்கேன். கன்னத்துல குத்துதுன்னு பொத்தானை மட்டும் எடுத்துட்டேன். ஆறு பொத்தான். ஒரு டப்பாவுல இருக்கு."

நான் தண்ணீர் குடித்தேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எந்த எழுத்தாளருடையதும் இல்லை, என்னுடையது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பதினொரு வருடத்துக்கு முன்னால் என் வாசலிலும் அப்படிப் போன ஒருவன் திரும்பி வந்து நின்றான். நானும் ஒருமுறை பார்த்தேன், மூடினேன். கொஞ்ச நேரம் அவன் அங்கேயே நின்றான். பிறகு படியிறங்குகிற சத்தம் கேட்டது. தப்பு செய்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அவன் என்ன சொல்ல வந்தான் என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் முந்நூறு நாவல்களில் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

என் கதவை எடுத்துப்போய் இன்னொருத்தி வீட்டில் மாட்டிவிட்டேன். அன்று மதியம் தொண்டை சரியில்லை என்று சொல்லி வாசிக்காமல் தப்பித்தேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மிஷின்கள் நின்றதும், நீலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "திங்கக்கிழமை நான் படிச்சது இதுல இல்ல. நானா சொன்னது."

வளையக்காரி மெதுவாக நிமிர்ந்தாள். "அப்போ போன மாச நாவல்ல அந்த டாக்டர் எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேட்டாரே?"

"அதுவும் நான்தான்."

"மழையில அவ பையிலேர்ந்து குடை எடுத்தாளே?"

"அதுவும்தான்."

"அட நாசமா போச்சு!" என்றாள் வளையக்காரி. "எனக்கு அந்த டாக்டர் மேல ஒரு மரியாதை இருந்துச்சு" என்றார் கட்டிங் மாஸ்டர், நிஜமாகவே வருத்தத்தோடு.

புத்தகத்தில் இருந்ததை இருந்தபடி வாசித்தேன். மணி அடித்தது, நனைந்த சட்டை, என்னால் சொல்ல முடியவில்லை. 'அவள் அவன் தோளில் சாய்ந்தாள். ஆறு வருடமும் ஒரு நொடியில் கரைந்தன.' முற்றும். கைதட்ட ஒருவரும் இல்லை.

மடிப்புக்காரி வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "அவ்வளவுதானாக்கா? எங்க போனான், ஏன் போனான், ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்கல. ஒன்றரைப் பக்கம்தான்."

"சரி, உங்க முடிவுல கதவை மூடினதுக்கு அப்புறம் அவ என்ன பண்ணினா?"

"நாவல் படிச்சா" என்றேன்.

கூடம் சிரித்தது. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அவள் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். இத்தனை வருடம் ஒருவரிடமும் சொல்லாததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. குண்டூசியைச் சீலையில் குத்திக்கொண்டே, "ரெண்டு முடிவுமே சரியில்லக்கா" என்றாள் மெல்ல.

சனிக்கிழமை மூன்று மணிக்கே அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள். நான் நூல் வெட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு சீலையில் ஓட்டையே போட்டேன். ஜன்னல் பக்கத்துச் சீலை அசைகிறபோதெல்லாம் ஸ்டேஷன் தெரிந்தது, டீக்கடை தெரிந்தது, உயரமாக ஒருவன் தெரிந்தான். அவன் முகம் மட்டும் என் வாசலில் நின்றவனுடையது.

திங்கட்கிழமை அவள் வந்து பையை வைப்பதற்குள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"வந்திருந்தாரு. பாதி முடி கொட்டிடுச்சு. அந்தச் சட்டை இப்போ அவருக்கே பத்தாது."

"என்னடி சொன்னாரு?"

"நல்லா பேசினாரு. அவர் எப்பவுமே நல்லாத்தான் பேசுவாரு, அதுதானே வம்பே. கேக்கக் கேக்க எனக்குத் தோள்ல சாயணும் போல ஆயிடுச்சு. டம்ளரை வெச்சுட்டு எழுந்துட்டேன். பேசினது போதும், எழுதுங்கன்னு சொன்னேன். கிளம்பிப் போன காலையிலேர்ந்து எழுதுங்க. எல்லாத்தையும் எழுதி முடிங்க, அப்புறம் வரலாமா வேணாமான்னு நான் சொல்றேன்."

"எழுதுவாரா?"

"தெரியல" என்று மிஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் ஆனது. பத்தாவது நாள் மதியம் நான் வேறொரு நாவலைத் திறக்கப்போனபோது, அதன்மேல் ஒரு கவரை வைத்தாள். ஏற்கெனவே பிரித்து, மறுபடி மடித்திருந்தது.

"இதைப் படிங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"தனியா படிச்சா முதல் வரியிலேயே அழுது மன்னிச்சிடுவேன். அதான் முதல் வரியோட மூடிட்டேன். எல்லாரும் இருக்கட்டும். ஆனா அக்கா, ஒரு வார்த்தை மாத்தக்கூடாது."

கையெழுத்து பூச்சி ஊர்ந்ததுபோல இருந்தது. 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருந்தான். கீழே வெறுமனே தொடங்கியிருந்தான். நான் வாசித்தேன்.

'அன்னைக்கு நீ தூங்கிட்டு இருந்த. வேலை போயி இருபது நாள் ஆச்சுன்னு உன்கிட்ட சொல்லல. தினமும் கிளம்பிப் போற மாதிரி போயி பார்க்குல உக்காந்திருந்தேன். அன்னைக்கும் அப்படித்தான் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கல.'

அடுத்த வரி வந்ததும் என் நாக்கு நின்றது. பழைய புத்தி. அதைத் தாண்டிக் குதித்துவிடு, அவளுக்கு வலிக்கும், அடுத்த வரி நன்றாக இருக்கிறது என்றது. கூடம் காத்திருந்தது. மடிப்புக்காரி என்னைப் பார்க்கவில்லை, மடிப்பைப் பார்த்தாள். விரல்கள் மட்டும் நின்றிருந்தன.

'ஆறு மாசம் திரும்பி வரணும்னு தோணவே இல்ல' என்று வாசித்தேன். இருந்தபடியே வாசித்தேன்.

'மத்தியானம் பசிச்சுது. பையைத் திறந்தா ரெண்டு சோத்து டப்பா இருந்துச்சு. உன்னோடதையும் சேத்து எடுத்துட்டு வந்திருக்கேன். அன்னைக்கு நீ வேலைக்குப் போயி என்ன சாப்பிட்டியோ எனக்குத் தெரியல. மத்ததெல்லாம் மறந்துபோச்சு, இது மட்டும் மறக்கல. இந்தக் கடுதாசியில இவ்வளவுதான் எழுத முடிஞ்சுது.'

பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கியது. அடித்த 'அன்புள்ள'வோடு, அசடு வழிகிற இந்தக் கடிதத்தை என் முந்நூறு கதாநாயகர்களில் ஒருவனும் எழுதியிருக்க மாட்டான். என் வாசலில் நின்றவனும் இதுபோல ஒரு சோற்று டப்பாவைப் பற்றித்தான் சொல்ல வந்தானோ என்னவோ. எனக்கு அழுகை வந்தது. வெட்டிய நூலைக் குனிந்து பொறுக்குகிற சாக்கில் துடைத்துக்கொண்டேன்.

"பக்கத்துக் கடையில ஒரு பன் வாங்கித் தின்னேன்" என்றாள் மடிப்புக்காரி, சீலையிடம் சொல்வதுபோல. "திட்டிக்கிட்டேதான் தின்னேன்."

வளையக்காரி மூக்கை உறிஞ்சினாள். "ஆளு எப்படிக்கா? சொல்லுங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "கையெழுத்து மோசம். பார்க்குல உக்காந்ததை மறைச்சது தப்பு. ஆறு மாசம் பெரிய தப்பு" என்றேன். "அடுத்த கடுதாசி எப்போ வருதாம்?"

மூன்று மணி ஆகி மிஷின்கள் ஓடத் தொடங்கின. கடிதத்தை வாங்கிக்கொள்ள வந்தவள் போகாமல் நின்றாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அக்கா, அந்தத் தலகாணி உறையில ஒரு பொத்தான் திருப்பித் தச்சிடட்டுமா?"

யோசித்தேன். கடிதம் ஒன்றுதானே வந்திருக்கிறது.

"ஒண்ணு தைக்கலாம்" என்றேன். "அடியில இருக்கிறதைத் தை. கன்னத்துல குத்தாது."