மூச்சு இருக்கு

பேராச்சி உத்தரணிக் கரண்டியால் புருஷன் வல்லிநாயகத்தின் வாயில் தண்ணீர் விட்டாள். உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. விடியும்போதே அவர் போய்விட்டார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வாசலில் கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியம் ஆவுடைநாயகம் வந்து நின்றார்.

"மதினி, அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?"

"மூச்சு இருக்கு."

"கோயில்களைப் பார்த்துக்கிடுத சர்க்கார் போர்டு ஆபீசர் குத்தாலத்துல குளிச்சிட்டு, பத்து மணிக்குச் சாமி கும்பிட வாராரு. சன்னதித் தெருவுல பிணம் கெடந்தா நடை திறக்க முடியாது. ஏதாவது ஆயிருந்தா சொல்லிருங்க, இப்பவே தூக்கிருவோம்."

"மூச்சு இருக்குன்னு சொல்லுதேம்லா."

மகள் குழல்வாய்மொழி புளியறையிலிருந்து மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்தாள். வந்து சேர உச்சிப்பொழுதாகிவிடும். அப்பன் முகத்தை அவள் பார்க்குமுன் தூக்கவிட பேராச்சிக்கு மனமில்லை. ஆபீசர் வரும் நாளை எமனுக்கு யாரும் எழுதிப் போடவில்லையே.

வல்லிநாயகம் அந்தக் கோயிலில் முப்பது வருஷம் காவல் பார்த்தவர். எதிர்வீட்டில் சாவு விழுந்த அன்று, "பிணம் தெருவைத் தாண்டட்டும் ஐயா" என்று தாசில்தாரையே வெயிலில் நிறுத்தி வைத்தவர். அவர் காத்த முறையை அவர் உடம்பை வைத்தே மீறுகிறோமே என்று பேராச்சி நினைத்தாள். நினைத்தாளே தவிர, நெஞ்சில் ஒன்றும் உறைக்கவில்லை. மரத்துக் கிடந்தது.

ஆவுடைநாயகம் உள்ளே எட்டிப் பார்த்தார். நனைந்த தலையணையைப் பார்த்தார். அசையாத மார்பைப் பார்த்தார். மகள் வராமல் மதினி தூக்கவிட மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. ஆபீசரைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர் வேலையில் நீடிக்க முடியுமா?

"தண்ணி விட்டுக்கிட்டே இருங்க, மதினி" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பத்து மணி போய் உச்சியும் வந்தது. அருவியை விட்டு எழுந்துவர ஆபீசருக்கு மனம் வரவில்லை போலும். ஒருவழியாக மேளம் கேட்டது. பரிவட்டம் கட்டி அவரை உள்ளே அழைத்துப் போகிறார்கள் என்று தெரிந்தது. அந்நேரம் பார்த்து வண்டியும் வந்து நின்றது. குழல்வாய்மொழி ஓடிவந்து அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

அவள் வாய் திறக்குமுன் பேராச்சி பொத்தினாள்.

"அழாதட்டி. ஆபீசர் வெளிய வரட்டும். அதுவரைக்கும் அப்பாவுக்கு மூச்சு இருக்கு."

மகள் அம்மாவின் உள்ளங்கைக்குள் அழுதாள். தீபாராதனை மணி அடித்து ஓய்ந்தது. வெகுநேரம் கழித்து, கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

பேராச்சி கையை எடுத்தாள். மகளின் அழுகை தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

பேராச்சி உத்தரணியை எடுத்து, அவர் வாயில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.