பாலிசிக்காரர் தொண்டையில் முள்

"எல்லாருக்கும் இலவச வைத்தியமாம்! நாளைக்கே ஊர் மொத்தமும் நோயாளியாப் படுத்துக்கும்!" சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டினார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.

எதிரே இருந்த மச்சான் பஸ் டிரைவர். அவன் விடவில்லை. "நோயை யாராவது ஆசைப்பட்டு வாங்குவாங்களா மாமா? அரசாங்கம்தான் பாக்கணும்."

தேர்தல் நெருங்கினால் அந்த வீட்டில் இதுதான் கூட்டு, பொரியல் எல்லாம்.

மீன் பரிமாறிய மனைவி இடது கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். மாதக்கணக்கில் வலி. "பாலிசிக்கு முன்னாடியே வந்த வலி, கம்பெனி ஏத்துக்காது" என்று கைவிரித்த கணவர், அரசு ஆஸ்பத்திரிக்கும் போகவிடவில்லை. "ஏஜென்ட் பொண்டாட்டி அந்த வரிசையில நின்னா என்கிட்ட எவன் பாலிசி போடுவான்?" வீட்டுப் பெண் வலியைப் பொறுத்தால்தான் வீட்டு மானம் நிற்குமாம்!

"நான் சொல்றதைக் கேளுடா..." என்று வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். விழி பிதுங்கியது. மீன் முள்!

வாழைப்பழம் விழுங்கினார். பழம் இறங்கியது, முள் இறங்கவில்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் ஏசி காற்று சில்லென்று அடித்தது. "கம்பெனி ஒப்புதல் வரணும் சார். அதுவரைக்கும் காபி குடிக்கிறீங்களா?" என்றாள் வரவேற்பறைப் பெண். கைக்காசு கட்டினால் உடனே பார்க்கலாம் என்றதும், அவர் தலை தானாகவே 'வேண்டாம்' என்று ஆடியது.

போனில் கம்பெனிக்காரன் கேட்டான்: "முள்ளு எப்போலேர்ந்து இருக்கு? பாலிசிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஏஜென்ட்டுக்கு "க்ஹ்" என்றுதான் வந்தது. மனைவி போனை வாங்கினாள். "இன்னிக்குத்தாங்க குடிவந்துச்சு."

"விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றான் அவன்.

மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். ஒரே கூட்டம், மருந்து நெடி. முறை வந்ததும் டாக்டரம்மா இடுக்கியால் முள்ளை எடுத்துப் போட்டாள். "சாப்பிடும்போது பேசாதீங்க."

குரல் திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கிளம்பு. யாராவது பாத்துடப் போறாங்க."

மனைவி கிளம்பவில்லை. தனக்கொரு சீட்டு வாங்கி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீங்க போங்க. டாக்டர் என்னைப் பாக்காம நான் வரமாட்டேன்."

"என் மானம் என்னாகறது?"

"முள்ளோட அதையும் எடுத்துட்டாங்கன்னு நெனச்சுக்குங்க."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் புடவையை உதறிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்காமல்.

வராந்தாவில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவருக்கு, பெஞ்சிலிருந்த அவர் தெருத் தையல்காரம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க சார், கூச்சப்படாதீங்க. இந்த பெஞ்சுல பாதிப்பேரு நீங்க பாலிசி போட்டுக் குடுத்தவங்கதான்."