கம்பளிப் பிசாசு கேட்ட சுண்ணாம்பு

பூதலிங்கம் செய்துகொண்டிருந்த பிசாசுக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் முட்டியும் இறுகி வந்துவிட்டது. அது மேசையிலிருந்து இறங்கிப் போய் ஃபேனைப் போட்டது. அதற்கு முழ உயரம்தான். ஸ்விட்ச்தான் அதன் கைக்கு இறங்கி வந்தது.

அவர் கண்டுகொள்ளவில்லை. முட்டி வந்தால் பிசாசு நடக்கத்தான் செய்யும். மூன்று மாதமாகக் கம்பளிப் பஞ்சைப் பல் வைத்த ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிச் செய்த உருவம். பாதிக் குத்து பஞ்சில், மீதி அவருடைய இடது பெருவிரலில். கூந்தலுக்கு ஒரு ஸ்வெட்டரைப் பிரித்திருந்தார். ஊட்டிக்குப் போக வாங்கியது. கூட வர ஆளில்லாமல் பதினொரு வருடம் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"அண்ணாச்சி, சுண்ணாம்பு இருக்கா?" என்றது பிசாசு.

"வீட்டுல வெத்தலையே இல்ல. சுண்ணாம்பு எதுக்கு?"

"கேக்கணும்லா. பிசாசுன்னா கேக்கணும்."

உச்சந்தலையைக் குத்தும்போது ஊசிமுனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. தலையில் இரும்பு ஏறிய பிசாசு வீட்டோடு கிடந்து வேலை செய்யும், இரும்பை எடுத்தால் போய்விடும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆகவே அவர் முனையைத் தேடவில்லை. பிசாசு பாத்திரம் கழுவவில்லை, நனைந்தால் சுருங்கும். சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, "பொறவு?" என்று மட்டும் கேட்டது. அவரிடம் யாரும் பொறவு கேட்டு வெகுகாலமாயிற்று.

வியாழக்கிழமை, அசையும் உருவங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் காந்தத்தோடு வந்தார். வாசலிலிருந்து கூடத்துக்கு வர இருபது நிமிஷம் ஆயிற்று. அன்று வீட்டின் நடை, அந்த இடைகழி, கொஞ்சம் நீண்டிருந்தது.

"உருவத்துக்குள்ள இரும்பு இருக்கக் கூடாது சார். யார் விரலையாவது குத்திரும்."

"என் விரல்தாம்மா. அதுக்கு ஆட்சேபணை இல்ல."

"எழுதிக் குடுக்குமா?"

அவர் பெருவிரலை மையில் ஒற்றி அம்மாளின் பாரத்தில் வைத்தார். அம்மாள் உற்றுப் பார்த்தார்.

"இது சல்லடை. சல்லடையோட சம்மதம் செல்லாது."

காந்தத்தைப் பிசாசின் தலைமேல் பிடித்தார். முனை டிக்கென்று வந்து ஒட்டிக்கொண்டது. கூடவே இரண்டு சாவியும் ஒரு இட்லிச் சட்டி மூடியும்.

பிசாசு தலையைத் தடவிப் பார்த்தது.

"அப்ப வாரேன், அண்ணாச்சி."

"மழை வார மாதிரி இருக்கே. சுருங்கிருவ."

"போணும்லா. பிசாசுன்னா போணும்."

கூடத்து நிலைப்படியில் நின்று திரும்பியது.

"கடைசியா கேக்கேன். சுண்ணாம்பு இருக்கா?"

அவர் வெள்ளையடித்த சுவரை நகத்தால் சுரண்டினார்.

"சார், சார், ஊசி மேல வச்சு நீட்டுங்க!" அம்மாள் பதறினார். "வெறும் விரல்ல நீட்டினா ஆளையே இழுத்துட்டுப் போயிரும்!"

"தெரியும்மா."

விரலில் நீட்டினார்.

பிசாசு சுண்ணாம்பை ஊதிவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டது. அம்மாள் பாரத்தில் வெளியேறுவோர் எண்ணிக்கையில் 'ஒன்று' என்பதை அடித்து 'இரண்டு' என்று எழுதினார்.

"எங்க போறோம்?" என்றார் பூதலிங்கம்.

"ஊட்டிக்குத்தான்."

"ஸ்வெட்டரைப் பிரிச்சுட்டேனே."

"என் தலையிலதான இருக்கு. வாங்க."

நடை இன்னும் நீளமாகத்தான் இருந்தது. பாதி தூரத்திலேயே குளிர ஆரம்பித்தது.

"பொறவு?" என்றது பிசாசு.